கிரீன் நதி நாட்குறிப்பு: ஒரு பாலை ஆறு ஏன் இளைக்கிறது?

வியாழன் – கிரீன் ரிவர் ஊர், யூட்டா

யூட்டா மாநிலத்தின் கிழக்கே, ஐ-70 நெடுஞ்சாலை கிரீன் நதியைத் தாண்டும் இடத்தில் இருக்கும் சின்ன ஊர் இது. ஆற்றுக்கும் ஊருக்கும் ஒரே பெயர். ஆயிரம் பேர்கூட இல்லை. செப்டம்பர் என்பதால் சாலையோரமெல்லாம் தர்பூசணியும் முலாம்பழமும் குவிந்து கிடக்கின்றன. ஆண்டு முழுக்கப் பெய்தாலும் 20 செ.மீ. மழை தேறாத இடத்தில் இத்தனை பழம் விளைகிறதென்றால் காரணம் ஆறுதான். அந்த ஆற்று நீரும் இந்த மண்ணில் பெய்ததல்ல. வடக்கே வயோமிங்கின் விண்ட் ரிவர் மலைத்தொடர், உயின்டா மலைகள், கிழக்கே கொலராடோவின் ராக்கி மலைகள் என எங்கெங்கோ விழுந்த பனி உருகி வருகிறது. மொத்தம் 1,175 கி.மீ. ஓடி, இங்கிருந்து 120 மைல் தெற்கே கொலராடோ ஆற்றில் கலக்கிறது. அந்த 120 மைலையும் கனோவில் துடுப்புப் போட்டே கடப்பது எங்கள் திட்டம்.

மாலையில் பவல் பெயரில் உள்ள நதி அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஜான் வெஸ்லி பவல், உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர். 1869 மே 24 அன்று வயோமிங்கிலிருந்து நான்கு படகுகளில் பத்துப் பேராகப் புறப்பட்டு இந்த ஆற்றின் வழியே கிராண்ட் கேன்யன் வரை போனார். அவருடைய 1871ஆம் ஆண்டுப் பயணத்தில் புகைப்படக்காரரும் உண்டு. அந்தக் காலப் படங்களையும் இன்று அதே இடங்களில் எடுக்கும் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாறை மாறியிருக்காது, ஆற்றங்கரை மாறியிருக்கும். அன்று வெறும் மணலாகக் கிடந்த கரையில் இன்று புதர் மண்டியிருக்கும்.

என்னை இங்கே இழுத்து வந்தது 2020இல் வெளியான ஓர் ஆய்வு. இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், கேன்யன்லாண்ட்ஸ் என்ற பள்ளத்தாக்குப் பிரதேசத்தில், 61 கி.மீ. நீளத்துக்கு 1940ஆம் ஆண்டு வான்படங்களையும் 2014ஆம் ஆண்டுப் படங்களையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். சராசரி அகலம் 138 மீட்டரிலிருந்து 122 மீட்டராகக் குறைந்திருக்கிறது. 16 மீட்டர்தானே என்று தோன்றும். 61 கி.மீ.க்கு 16 மீட்டர் என்று பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 240 ஏக்கர் ஆறு நிலமாகியிருக்கிறது. அங்கே யாரும் ஆக்கிரமிக்கவில்லை, மண் கொட்டவில்லை, கட்டடம் கட்டவில்லை. பெரும்பகுதி தேசியப் பூங்கா. அப்படியிருந்தும் ஆறு இளைத்திருக்கிறது.

வெள்ளி – சான் ரஃபேல் கலக்கும் இடம்

காலையில் ஸ்டேட் பார்க் படகுத்துறையில் கனோவை இறக்கினோம். நண்பன் பின்னால் உட்கார்ந்து திசை பார்த்துக்கொண்டான், நான் முன்னால். குடிநீர் கேன்கள், கூடாரம், அடுப்பு, அப்புறம் விதிப்படி கட்டாயமாக எடுத்துச்சென்று திரும்பக் கொண்டுவர வேண்டிய கழிப்பறைப் பெட்டி. ஆற்று நீர் பால் கலந்த டீயின் நிறத்தில் ஓடுகிறது. பாத்திரத்தில் மொண்டு வைத்தால் அடியில் வண்டல் படிந்துவிடும். இந்த வண்டலை மறக்காமல் இருங்கள், கதையே அதில்தான் இருக்கிறது.

இப்போது வினாடிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கனஅடிக்கு முன்பின் ஓடுகிறது. இதே ஊரிலுள்ள நீர் அளவை நிலையத்தில் 1917 ஜூனில் 68,100 கனஅடி பதிவாகியிருக்கிறது. பனி உருகும் மே, ஜூன் மாதங்களில் பெருவெள்ளம், அப்புறம் மெல்ல வடிந்து இலையுதிர் காலத்தில் அடிமட்டம். இதுதான் இந்த ஆற்றின் பழைய சுபாவம். பாலை ஆற்றின் அகலத்தைத் தீர்மானிப்பது நாம் செப்டம்பரில் பார்க்கிற நீரோட்டம் இல்லை. அந்தச் சில வார வெள்ளம்தான் மணல் திட்டுகளைப் புரட்டிப் போடும், முளைத்த செடியை வேரோடு பிடுங்கும், கரையை அரித்து ஆற்றின் வழியைத் திறந்து வைக்கும். மற்ற மாதங்களில் ஆறு செய்கிற வேலை கொஞ்சம்தான்.

வயல்கள் முடிந்ததும் இருபுறமும் பச்சைச் சுவர் தொடங்கிவிட்டது. டாமரிஸ்க் என்ற புதர்மரம். செதில் போன்ற சிற்றிலை, அடர்ந்த கிளை, மூன்று ஆள் உயரம். படகைக் கரையில் நிறுத்திக் கால் வைக்க ஓர் இடம் கிடைப்பதே அரிது. மதியச் சாப்பாட்டுக்கு இறங்க இடம் தேடி மணிக்கணக்கில் மிதந்தோம். கடைசியில் ஆற்று நடுவே ஒரு மணல் திட்டுதான் கிடைத்தது.

இந்த மரம் ஆசியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் 19ஆம் நூற்றாண்டில் அழகுச் செடியாகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் அமெரிக்காவுக்கு வந்தது. நம் ஊர் ஆற்றுப் படுகைகளில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் இந்த அமெரிக்கக் கண்டங்களிலிருந்து நமக்கு வந்தது. வைகையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கரையை நான் அதிகம் விவரிக்க வேண்டியதில்லை.

டாமரிஸ்க் ஜெயித்த விதம்தான் கவனிக்க வேண்டியது. இங்கே பூர்வீகமான காட்டன்வுட் மரம் கோடைத் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டுமே விதை பறக்கவிடும். பனிவெள்ளம் வடிந்து ஈர மணல் வெளிப்படுகிற நேரத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. டாமரிஸ்க் அப்படிக் காத்திருப்பதில்லை, கோடை முழுக்க விதைத்துக்கொண்டே இருக்கும். ஒரு மரம் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் தூசி போன்ற விதைகளை வீசும். வெள்ளம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, எப்போது ஈர மணல் தெரிகிறதோ அப்போது முளைத்துவிடும். வெள்ளக் காலம் குழம்பிப்போன ஆற்றில் இது பெரிய சலுகை.

இருட்டுவதற்குள் சான் ரஃபேல் ஆறு கலக்கும் இடத்துக்கு வந்தோம். துணையாறு என்று சொன்னால்தான் தெரியும், நீர்ப்பாசனத்துக்கு மேலேயே உறிஞ்சியதுபோக மிஞ்சிய ஓர் ஓடை. பெரிய ஆற்றுக்கு நேர்ந்தது இதற்கு இன்னும் கடுமையாக நேர்ந்திருக்கிறது. இரவு மணல் திட்டில் கூடாரம்.

சனி – போநாட் வளைவு

லேபிரிந்த் கேன்யன். செம்பாறைச் சுவர்கள் இரண்டு பக்கமும் எழுந்துகொண்டே போகின்றன. காலையில் டிரின் ஆல்கோவில் கொஞ்ச நேரம் நிழலில் நடந்தோம். மூன்று குறும்பள்ளத்தாக்குகள் ஒரே வாயில் வந்து சேரும் இடம், பவல் வைத்த பெயர்.

மாலையில் போநாட் வளைவு. இங்கே ஆறு ஏழு மைலுக்கு மேல் சுற்றிக்கொண்டு ஓடித் திரும்பக் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வருகிறது. நடுவில் இருப்பது ஒரு மெல்லிய பாறைக் கழுத்து. கனோவைக் கட்டிவிட்டு அந்தக் கழுத்தின் மேல் ஏறினோம். ஏறும்போது மூச்சு வாங்கியது. மேலே நின்றால் இருபுறமும் ஒரே ஆறு, எதிரெதிர்த் திசையில் ஓடுகிறது.

அங்கிருந்து பார்த்தால்தான் குறுகல் கண்ணில் படுகிறது. நீரை ஒட்டி அடர்பச்சையும் பழுப்புமாக ஒரு பட்டை, புதிய கரை. அதற்குப் பின்னால் ஒரு படி உயரத்தில் பழைய வெள்ளச் சமவெளி, அதில் தனித்தனியாகக் கிழட்டுக் காட்டன்வுட்கள். அந்த மரங்கள் முளைத்தபோது ஆற்றின் விளிம்பு அங்கே இருந்தது. இப்போது ஆறு அவற்றை விட்டு விலகிப் போய்விட்டது. அவற்றின் அடியில் கன்றுகள் எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

நடப்பது இதுதான். ஓரிரு ஆண்டுகள் பெருவெள்ளம் வராவிட்டால் கரையோர மணல் திட்டில் செடி முளைக்கும். அடுத்து வரும் சின்ன வெள்ளம் அதைப் பிடுங்காது, ஆனால் செடிகளுக்கிடையே புகும்போது வேகம் இழக்கும். வேகம் போனால் சுமந்து வந்த வண்டலைப் போட்டுவிடும். திட்டு ஓர் அங்குலம் உயரும். அடுத்த ஆண்டு இன்னொரு படலம். தண்ணீர் செடிக்குள் நுழைகிற விளிம்பில்தான் அதிகம் படிவதால் அங்கே வயல் வரப்பு போல ஒரு மேடு எழும். வரப்பு உயர உயர, அதைத் தாண்டப் பெரிய வெள்ளம் தேவைப்படும். ஓடும் நீரெல்லாம் நடுவில் ஒடுங்கி ஆழமாகும், ஓரம் நிலமாகும். நேற்று பத்தாயிரம் கனஅடியில் நனைந்த இடம் நாளை இருபதாயிரத்திலும் நனையாது. ஒவ்வொரு படலமும் அடுத்த வெள்ளத்தின் வேலையைக் கடினமாக்குகிறது.

செடி முதலா, வெள்ளம் குறைந்தது முதலா? இதில் அறிஞர்களுக்குள் நீண்டநாள் சண்டை. வில்லியம் கிராஃப் 1978இல் எழுதியது புகழ்பெற்றது. டாமரிஸ்க் கொலராடோ பீடபூமியில் ஆண்டுக்குச் சுமார் 20 கி.மீ. வீதம் ஆற்றின் மேற்பக்கம் ஏறியது, அது பிடித்த இடங்களில் ஆறு சராசரியாக 27 சதவீதம் குறுகியது என்றார். மரத்தின் மேல் பழி விழுந்தது. பிறகு 1999இல் ஆல்ரெட், ஷ்மிட் இருவரும் நாங்கள் புறப்பட்ட ஊரின் நீர் அளவை நிலையப் பதிவேடுகளைத் தோண்டினார்கள். அங்கே 1930களிலேயே, பெருவெள்ளங்கள் சிறுத்தவுடன், ஆறு குறுகத் தொடங்கிவிட்டது. என் மனம் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. டாமரிஸ்க் வந்து கரையைப் பூட்டியது உண்மை. ஆனால் பூட்டுவதற்கு முன்பே கதவைச் சாத்தியது வெள்ளம் வராமல் போனது.

ஞாயிறு – மினரல் பாட்டம்

ஹெல் ரோரிங் கேன்யன் வாயில் பாறையில் செதுக்கிய எழுத்து: டி. ஜூலியன், 1836, மே 3. தோல் வியாபாரத்துக்காகப் பொறிவைத்து விலங்கு பிடித்தவர். பக்கத்தில் பாய்மரத்தோடு ஒரு படகும் செதுக்கியிருக்கிறார். பவலுக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் முன்பே இங்கே ஒருவர் படகில் வந்திருக்கிறார் என்பதை நினைக்கச் சிலிர்த்தது.

இந்தப் பகுதியில் டாமரிஸ்க் நிறைய இடங்களில் பழுப்பாக, எலும்புக் கூடாக நிற்கிறது. காரணம் ஒரு வண்டு. டாமரிஸ்க் இலையை மட்டுமே தின்னும் டயோராப்டா வண்டை அந்த மரத்தின் பூர்வீகப் பகுதியிலிருந்து கொண்டுவந்து 2001இல் திறந்தவெளியில் விட்டார்கள், 2004இல் பக்கத்து ஊரான மோவாப் பக்கம் விட்டார்கள். அது ஆறு ஆறாகப் பரவிவிட்டது. அருகிவரும் ஒரு சிறு பறவை, வில்லோ ஈப்பிடிப்பான், தெற்கே இதே டாமரிஸ்கில் கூடு கட்டுகிறது. அதனால் 2010இல் அரசு வண்டு விடுவதை நிறுத்தியது. வண்டுக்கு அந்த உத்தரவு தெரியாதே, பரவிக்கொண்டுதான் இருக்கிறது.

மரம் செத்தால் ஆறு விரியுமா? நியூ மெக்சிகோவின் ரியோ புவெர்கோ ஆற்றில் 2003இல் சுமார் 12 கி.மீ. நீளத்துக்குக் களைக்கொல்லி அடித்து டாமரிஸ்கைக் கொன்றார்கள். 2006 ஆகஸ்டில் ஒரு பெருவெள்ளம் வந்தது. மருந்தடித்த பகுதியில் ஆற்றின் அகலம் சராசரியாக 84 சதவீதம் கூடிவிட்டது. அப்படியானால் வேருக்கு வலு உண்டு என்பது மறுக்க முடியாத உண்மை. ஆனால் அங்கேயும் மூன்றாண்டு கழித்து வெள்ளம் வந்துதான் கரை போயிற்று. இங்கே நான் பார்த்த செத்த மரங்களின் கரை அப்படியே நிற்கிறது, காய்ந்த வேர் இன்னும் மண்ணைக் கவ்விக்கொண்டிருக்கிறது, இடைவெளியில் கயோட்டி வில்லோ என்ற உள்ளூர்ச் செடி நெருக்கமாக முளைத்து வருகிறது.

மினரல் பாட்டமில் தண்ணீர் கேன்களைச் சரிபார்த்தோம். பலர் இங்கேயே பயணத்தை முடித்துக்கொள்கிறார்கள். இதற்குக் கீழே போக பூங்காவின் அனுமதிச் சீட்டு வேண்டும்.

திங்கள் – ஃபோர்ட் பாட்டம்

குன்றின் மேல் ஆதிப் பூர்வகுடிகள் கட்டிய கல் கோபுரம். பாறைத் துண்டுகளை அடுக்கி எழுப்பியது, இன்னும் நிற்கிறது. அங்கிருந்து ஆறு மூன்று பக்கமும் வளைந்து ஓடுவது தெரிகிறது. 1998லும் 2015லும் ஆற்றின் குறுக்குவெட்டை அளந்தது இந்தச் சுற்றுவட்டாரத்தில் 8.5 கி.மீ. நீளத்தில்தான். இரண்டு அளவையும் ஒப்பிட்டால் குறுகல் இன்னும் நிற்கவில்லை என்று தெரிகிறது.

கீழே இறங்கி வந்தபோது ஆறு புதிதாக அரித்திருந்த ஒரு கரைச்சுவர் அகப்பட்டது. என் மார்பு உயரம். அரை மணி நேரத்துக்கு மேல் அதன் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். அடியில் ஆற்றுப் படுகையின் பருமணல். அதற்கு மேல் விரல் கனத்துக்கு வெளிர் மணல், அதன் மேல் அட்டைபோல் மெல்லிய பழுப்புச் சேறு, மறுபடி மணல், மறுபடி சேறு. ஒரு மணல் படலத்தில் அலை வரிகள் அப்படியே பதிந்திருந்தன. இரண்டு படலங்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு, நகத்தால் தொட்டால் உதிர்ந்தது, மட்கிப்போன டாமரிஸ்க் இலை. இந்தப் படலங்களையெல்லாம் துளைத்துக்கொண்டு ஒரு டாமரிஸ்க் தண்டு நேராக நின்றது. மேலே கிளை, சுவரில் தண்டு, தண்டின் ஒவ்வொரு மட்டத்திலும் புதிதாக விட்ட சல்லிவேர்க் கொத்து. மண் மூட மூட, புதுத் தரைமட்டத்தில் மறுபடி வேர்விட்டிருக்கிறது.

இந்தத் தண்டை வைத்துத்தான் வயது கணக்கிடுகிறார்கள். வெளியே இருக்கும் தண்டின் ஆண்டு வளையமும் மண்ணுக்குள் புதைந்த தண்டின் வளையமும் வேறு வேறு. புதைந்த ஆண்டிலிருந்து கட்டையின் அமைப்பு வேரின் அமைப்பாக மாறிவிடும். ஆழத்துக்கு ஆழம் அறுத்துப் பார்த்து, எந்த வளையத்தில் மாற்றம் தொடங்குகிறது என்று எண்ணினால், அந்தப் படலம் படிந்த ஆண்டு கிடைக்கும். இந்தப் பகுதியில் அப்படி ஒரு குழி வெட்டிப் படித்தவர்கள் கண்டது: முதல் படிவு 1930களின் நடுவில் தொடங்கியது. 1940களிலிருந்து நாற்பது ஆண்டுகள் ஒரு பக்கம் படிந்தால் மறுபக்கம் அரித்து, பெரிய மாற்றமில்லை. 1980களின் நடுவில், வெள்ளம் குன்றிய தொடர் ஆண்டுகளில், பெரிய குறுகல் தொடங்கியது. வான்படங்களின்படி 1993க்கும் 2009க்கும் நடுவில் மட்டும் 7 சதவீதம் அகலம் போயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1940இன் அகலம்தான் ஆற்றின் 'சரியான' அகலம் என்று யாராலும் சொல்ல முடியாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் இந்தப் பிரதேசத்தில் அசாதாரணமாக ஈரமான காலம். அரிசோனாவின் கீலா ஆறு 1875இல் 150 அடிக்கும் குறைவான அகலம். 1905 முதல் 1917 வரை வந்த வெள்ளங்கள் அதைச் சுமார் 2,000 அடியாக்கின. 1964இல் மறுபடி 200 அடிக்கும் கீழே. பாலை ஆறு இளைப்பதும் பெருப்பதும் இயற்கையே. எனக்குக் கவலை தருவது, மறுபடி பெருக்கும் வழியை நாம் அடைத்துவிட்டோமோ என்பதுதான்.

செவ்வாய் – ஸ்டில்வாட்டர் கேன்யன்

நாள் முழுக்க எதிர்க்காற்று. துடுப்பை நிறுத்தினால் படகு பின்னால் போனது. அதிகம் எழுதத் தெம்பில்லை. ஆனால் அணையைப் பற்றி எழுதாமல் விட முடியாது.

புறப்பட்ட ஊரிலிருந்து ஆற்று வழியே 470 கி.மீ. மேலே ஃபிளேமிங் கார்ஜ் அணை, 153 மீட்டர் உயரம், 1962இல் நீரைத் தேக்கத் தொடங்கியது. மே, ஜூன் வெள்ளத்தைப் பிடித்து வைத்துக் குளிர்காலத்தில் மின்சாரத்துக்காகத் திறப்பார்கள். ஆண்டு மொத்த நீர் அவ்வளவாகக் குறையாது, உச்சம் மட்டும் மழுங்கிவிடும். வண்டலோ அந்த அளவுக்குக் குறையவில்லை, ஏனென்றால் அணைக்குக் கீழே யாம்பா, வைட், பிரைஸ், சான் ரஃபேல் ஆறுகள் கொண்டுவந்து கொட்டுகின்றன. சுமை இன்னும் மிகுதி, சுமக்கிற பலம் குறைந்துவிட்டது.

நல்லவேளையாக யாம்பாவில் பெரிய அணை இல்லை. அது கிரீனில் கலக்கும் எக்கோ பார்க்கில் அணை கட்டும் திட்டத்தை மக்கள் போராடி 1956இல் கைவிட வைத்தார்கள். இன்று கிரீனுக்கு வருகிற வசந்தகால வெள்ளத்தில் பெரும்பங்கு யாம்பா தருவது.

குறுகலால் நேரடியாக அடிபடுவது மீன். ரேசர்பேக் சக்கர் என்ற முதுகுக் கூம்பு மீனின் குஞ்சுகள் வளர வெள்ளம் ஏறிய தாழ்நிலக் குட்டைகள் வேண்டும். வரப்பு உயர்ந்ததால் தண்ணீர் குட்டைக்குள் ஏறுவதில்லை. 2012 முதல் மேற்பகுதியில் ஒரு நல்ல ஏற்பாடு நடக்கிறது: ஆற்றில் குஞ்சுகள் தென்பட்ட பிறகே அணையிலிருந்து வெள்ளத்தைத் திறக்கிறார்கள். குட்டைகளில் குஞ்சுகள் பிழைத்து வளர்கின்றன. அதே கனஅடி, திறக்கும் நாளை மாற்றியதற்கே இந்தப் பலன்.

புதன் – சங்கமம், மோவாப்

காலை பத்து மணிக்குக் கொலராடோ இடப்பக்கமிருந்து வந்து சேர்ந்தது. இரண்டு நீரும் கொஞ்ச தூரம் வேறு வேறு நிறத்தில் ஓடுகின்றன. இன்னும் நாலு மைல் கீழே ஸ்பானிஷ் பாட்டமில் ஜெட் படகு காத்திருந்தது. அதற்கு அப்பால் கேட்டராக்ட் கேன்யன் பாய்ச்சல்கள், கனோவுக்கு வேலையில்லை. ஜெட் படகில் கொலராடோவில் ஏறி வரும் வழியெல்லாம் அதே பச்சைச் சுவர்.

படகுக்காரரிடம் 2022 பற்றிப் பேச்சு வந்தது. கீழே கொலராடோ ஆற்றிலுள்ள பவல் நீர்த்தேக்கம் வறண்டு மின்சாரமே நின்றுவிடும் என்ற நிலையில், ஃபிளேமிங் கார்ஜிலிருந்து ஓராண்டில் 5 லட்சம் ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி) கூடுதல் நீரைத் திறக்கத் திட்டமிட்டார்கள். திறந்த நீர் இந்த ஆற்று வழியாகத்தான் போனது. அதைச் சீராக மாதக்கணக்கில் விட்டால் கீழே நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேரும், கரைக்கு ஒன்றும் ஆகாது. யாம்பா பெருகும் வாரத்தில் ஒரு பகுதியைச் சேர்த்து விட்டால் அதே நீர் மணல் திட்டுகளை வழித்துக்கொண்டு போகும், இந்த ஆண்டு முளைத்த கன்றுகள் வேர்பிடிப்பதற்குள் போய்விடும். வறட்சிக் காலத்து அவசரத்தில் மேலாளர்கள் கணக்குப் போடுவது ஏக்கர் அடியில். எந்த வாரம் என்ற கேள்வியையும் அதே மேசையில் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மரம் இரண்டு, மூன்று வயதாகிவிட்டால் அப்புறம் பத்து மடங்கு பாடு.

போக விரும்புகிறவர்களுக்கு: செப்டம்பர் நல்ல மாதம், மணல் திட்டுகள் வெளியே இருக்கும், கொசு குறைவு. மே கடைசியில் போனால் வெள்ளம் பார்க்கலாம், ஆனால் திட்டுகள் மூழ்கிவிடும், கரையிலோ டாமரிஸ்க் இடம் தராது, கூடாரம் போடத் திண்டாட வேண்டும். ஜெட் படகை முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். சங்கமத்திலிருந்து நடந்தோ எதிர்நீச்சலில் துடுப்புப் போட்டோ எளிதில் திரும்ப வழியில்லை.